காரணம் எழுதும் கட்டம்

காலை ஆறரைக்கு
மூன்றாம் நம்பர் குளத்தில் ஒரு சொட்டு எடுத்து
கண்ணாடிச் சில்லில் விட்டு
வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறேன்.
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்கிற கோடு
இருபத்திரண்டில் நின்றால் இறாலுக்குச் சுகம்.
நோட்டில் எழுதிவிட்டு
அடுத்த குளத்துக்கு நடக்கிறேன்.
இதற்குத்தான் மாதம் பதினோராயிரம்.

மோர்ப்பண்ணைக்குத் தெற்கே
ஓடைக்கு இந்தப் பக்கம் பண்ணை.
அந்தப் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் குண்டு மிளகாய்.
மிளகாய்க்காரர் பெயர் வழிவிட்டான்.
என் வீட்டுக்காரர்.

பொய் சொல்லக் கூடாது.
இறால் சம்பளத்தில்தான் அடகு நகை மீண்டது.
மூத்தவள் நர்சிங் படிக்க
பரமக்குடி பஸ் ஏறினாள்.
மிளகாய்க்குப் போட்ட உரமும்
இறால் வாங்கிக் கொடுத்ததுதான்.
முதலாளியும் கெட்டவரில்லை.
அவருக்குத் தூத்துக்குடியில் ஒரு வங்கி,
வங்கிக்கு அப்பால் கப்பல்,
கப்பலுக்கு அப்பால்
யாரோ முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு
காத்திருக்கிறார்கள்.
கிலோவுக்கு நாற்பது நின்றால் ஒரு விலை,
ஐம்பது என்றால் முகம் சுளிப்பு.

பிடிப்பு முடிந்த ராத்திரி
மதகைத் திறப்பார்கள்.
நூற்றுப் பத்து நாள் தீனியும் பீயும் மருந்தும்
ஊறிக் கறுத்த தண்ணீர்.
ஓடைக்குள்ளேயே போ என்று சொன்னால்
கேட்கிற தண்ணீரா அது?

மறு வாரம்
வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருந்தது.
'கோலமாவு கொட்டிருச்சாம்மா?' என்றாள் சின்னவள்.
அடுத்து இலையின் ஓரம் கருகியது.
அதற்கடுத்து, தை பிறந்து நாலாம் நாள்,
பூ மொத்தமும் கீழே கிடந்தது.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
உப்பூர் கடைக்குப் போய்
கருகின இலை ஒன்றை நீட்டினார்.
பூச்சிதான் என்றார் கடைக்காரர்.
உப்பைப் பூச்சி என்று நம்பி
மூன்று டேங்க் அடித்தார்.
அடித்த கையோடு
ஓடையில் இறங்கி டேங்கை அலசினார்.
வேறு எங்கே அலசுவது?
கிணற்றிலா?

அன்றைக்கு ஏற்ற வேளையில்
பண்ணை மோட்டார் ஓடையை உறிஞ்சியது.

விடிந்தபோது
மூன்றாம் குளத்து இறால்
நடக்கத் தெரியாத பிள்ளைகள் போலக்
கரையோரம் தட்டுத் தடுமாறி ஒதுங்கியது.
காற்றாடிகள் மட்டும்
ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.
குனிந்து சில்லைப் பிடித்தேன்.
இருபத்திரண்டு.
உப்பு சரியாக இருந்தது.

பண்ணை நோட்டில்
காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
வைரஸ். ஆக்சிஜன் குறைவு. இதர.
அதே வாரம் பயிர்க் காப்பீட்டுத் தாளும் வந்தது.
வறட்சி. வெள்ளம். பூச்சித் தாக்குதல். ஆலங்கட்டி மழை.
மோர்ப்பண்ணையில் ஆலங்கட்டி!
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவரும் சிரித்தார்.
சிரித்து முடித்த பிறகு
இரண்டு பேருக்கும் பார்க்க இடமில்லாமல்
தாளைப் பார்த்தோம்.

'நீ என்ன எழுதுன?'
'நீங்க?'

லைட்டை அணைத்த பிறகும்
பேனா மூடியை
அவர் திறந்து மூடுகிற சத்தம்.

மாதத்துக்கு ஒருமுறை
மானியைப் பூஜ்ஜியத்தில் நிறுத்த வேண்டும்.
அதற்கு ஓடைத் தண்ணீர் ஆகாது.
எங்கள் கிணறும் ஆகாது, ஏழு காட்டுகிறது.
போன வருசம் மூன்று.
கடையில் கேன் தண்ணீர் வாங்கி வந்து
ஒரு சொட்டு விட்டால்
கோடு கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளும்.
ஒன்றுமில்லாததைக் காட்ட
முப்பத்தைந்து ரூபாய்.

மீதிக் கேனை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.
ராத்திரிக்குக் குழம்பு வைத்தேன்.
இறால் இல்லை.
மிளகாய்
ராமநாதபுரம் சந்தையில் வாங்கினது,
கால் கிலோ.